கடைவாய்ச் சாட்சி

“வாயை நல்லாத் திறங்க சார். ஆமா, உங்க நாடு எதுன்னு சொன்னீங்க?” என்றார் பல் டாக்டர்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கம்பளக்கடை விற்பனையாளர் வாயைத் திறப்பதைத் தேர்ந்தெடுத்தார். அதில்தான் ஆபத்து குறைவு.

எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் உதட்டில் மாட்டிய நர்ஸ், அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். அது அவர் ஒருமுறைகூடக் கால் வைக்காத நாடு.

போன மாதம், அவருடைய நிஜ நாட்டு அதிபர் இந்த நாட்டு எல்லைக்குள் படையை அனுப்பியிருந்தார். அனுப்பும்போது இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதில் மட்டும் இவர் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் வேலை போனது. பிறகு வீட்டுக்காரர் பூட்டை மாற்றினார். இப்போதுதான் ஊரின் மறுகோடியில், வேறு நாட்டுக்காரராக, மனைவி மகளோடு ஒண்டி, கம்பளக்கடையில் வேலை பிடித்திருக்கிறார். இங்கேயும் குட்டு உடைந்தால் நடுத்தெருதான்.

“நல்ல வேளை,” என்றார் டாக்டர். “அந்தப் படுபாவி நாட்டுக்காரனா இருந்தா, மரத்துப்போற ஊசி போடாமலே பிடுங்கியிருப்பேன்.”

“பிடுங்கணும் டாக்டர். எங்க அண்ணன் எல்லையில நிக்கிறான். அம்மாவுக்குச் சோறு இறங்கல,” என்றாள் நர்ஸ்.

“அவனுங்க ரத்தமே அப்படிம்மா. என்ன சார் சொல்றீங்க?”

“ஆ... ஆ,” என்றார் விற்பனையாளர். வாயில் குழாய் இருக்கும்போது எல்லா அரசியலுக்கும் இந்த ஒரு பதில்தான்.

டாக்டரின் சின்னக் கண்ணாடி இடது கடைவாய்ப் பக்கம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

விற்பனையாளர் வாயை மூடப் பார்த்தார்; கண்ணாடி விடவில்லை. இங்கே குடிவந்தபோது பெயரை மாற்றினார், பேச்சை மாற்றினார். அந்தப் பல்லை மறந்தே போனார். அவர் நாட்டில் பன்னிரண்டு வயதானால், சொத்தை இருக்கிறதோ இல்லையோ, பள்ளிக்கூடத்துக்கே ஆள் வந்து அந்தப் பல்லுக்கு எவர்சில்வர் உறை மாட்டிவிடுவார்கள். அரசாங்க உத்தரவு. உலகத்தில் வேறெந்த நாட்டுக்கும் இந்தப் பைத்தியம் கிடையாது.

“இந்த உறையை எங்க போட்டீங்க?” டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“ஆ...”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். “ஸ்டோர் ரூம்ல பெரிய குறடு இருக்கும், தேடி எடுத்துட்டு வாம்மா. அவசரமில்ல.”

அவள் போனதும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

விற்பனையாளர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தார். எழுந்து ஓடலாமென்றால் தலை கீழேயும் கால் மேலேயுமாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்துபோன நாக்கால் குழறினார்.

“டாக்டர்... எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா.”

“சத்தம் போடாதீங்க. இந்தப் பல்லை இங்க வேற யாராவது பாத்திருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப இன்னிக்கே கழட்டிடறேன். வெள்ளை உறை போட்டுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அவ எதிர்ல திட்டினதை மனசுல வெச்சுக்காதே தம்பி. தினமும் அப்படித்தான் திட்டறேன். பொழைக்கணுமே.”

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். விரலால் தன் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினார். இடது கடைவாயில் அதே எவர்சில்வர் பளபளத்தது.

“உனக்காவது நான் இருக்கேன். இதைக் கழட்ட, நான் எவன்கிட்டப் போய் வாயைத் திறக்கறது?”