இருபதாவது குரல்

பென்னலூரில் கோபாலின் வாடகை வீடுகள் ஒரு முழ இடைவெளியில் வரிசையாக நிற்கும். அழகுக்காக வெளிச்சுவர் முழுவதும் பிளாஸ்டிக் ஷீட் அடித்திருந்தார். ஞாயிறு காலை, எதிரே கேட்டுக்கு வெல்டிங் வைத்தபோது பொறி பறந்தது. ஷீட் பற்றி, தீ அடுத்த வீட்டுச் சுவருக்குத் தாவியது.

குடியிருப்பவர்கள் எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஃபயர் டிரில்லில் பழகியபடி ஓடிவந்து வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

"தண்ணி ஊத்துங்கப்பா!" என்று கோபால் கத்தினார்.

"இரு ஓனரே, கவுன்ட் முடியட்டும். உள்ள யார்னா மாட்டிக்கினு இருந்தா?" என்றான் வரிசையை எண்ண நின்ற லோகேஷ்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பத்தொன்பது பேரும் இருந்தார்கள். எண் சொல்லச் சொன்னான். கடைசியில் நின்ற மஞ்சுளா பத்தொன்பது என்றாள். அவளுக்கு அப்பால் யாரோ இருமிவிட்டு, "இருபது" என்றார்கள். அங்கே யாரும் இல்லை.

"முருகா! ஒண்ணு கூட கீதே!" என்று அலறினார் கோபால்.

"கூடுனா பரவால்ல ஓனரே, குறையக் கூடாது" என்று லோகேஷ் மோட்டாரைப் போட்டான்.

தீ அணைந்ததும் மிச்ச ஷீட்டைக் கோபால் தன் கையாலேயே பிய்த்துப் போட்டார். மஞ்சுளா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் தரையிலும் ஒரு டம்ளர் வைத்தாள்.

"அது யாருக்கும்மா?" என்றார் கோபால்.

"யாரா இருந்தா இன்னா? அதுவும் புகையில நின்னுச்சே, பாவம்."

டம்ளர்களை எடுக்கப் போனபோது, அது ஒன்று மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மற்றவற்றையெல்லாம் வழக்கம்போல மஞ்சுளாதான் கழுவினாள்.