குதிரைத் தலைப் பிடி

ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே பனியில் நின்று கதை பேசிக்கொண்டிருக்க, ரீக்கா நேராக என் தம்பி தாவெத்தியிடம் வந்து ஒரு துணிப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

அவ்வளவுதான். எல்லார் கண்ணும் இவன் மேல்.

எங்கள் சவோ சீமையில் இதற்கு ஒரே அர்த்தம். கல்யாணத்துக்குத் தயாரான பெண்ணின் இடுப்பில் வெற்று உறை தொங்கும். அவளைப் பிடித்தவன் அதில் தன் கத்தியைச் செருகுவான். அடுத்த ஞாயிறு வரை அவள் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பித் தந்தால், வாயை மூடிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

"பிரிச்சுப் பாரு," என்றாள் ரீக்கா.

அவளுடைய வலது கையில் பெரிய கட்டு. இடுப்பு உறையின் வாயில் கம்பளித் துணியை அடைத்திருந்தாள். காலி உறைக்குள் பனி போகக் கூடாதாக்கும் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன்.

தாவெத்தி எதையும் பிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், பொட்டலத்தைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் அப்பாவின் சறுக்குவண்டிப் பக்கம் போய்விட்டாள்.

"என்ன மாப்ள, பொட்டலத்துல மீன் ரொட்டியா? எங்களுக்கும் ஒரு துண்டு குடேன்!" வேலியோரம் நின்ற தடியன்களில் ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் அல்ல, இவன் மேல்.

இவன் கொல்லன். இவன் அடித்த அலகில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ரீக்கா பார்த்ததும் மயங்க வேண்டும் என்று, போன ஞாயிறு அவள் உறையில் செருகிய கத்தியின் பிடி முனையில் ஒரு குதிரைத் தலையைச் செதுக்கினான். காது, பிடரி எல்லாம் உண்டு.

வேட்டைக் கத்தியின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. அலகிலிருந்து நீளும் அந்த இரும்பு, பிடிக்குள் புகுந்து மறுமுனையில் வெளியே வர வேண்டும். அங்கே அதை அறைந்து மடக்க வேண்டும். குதிரைக்கு இடம் வேண்டுமே என்று இவன் வாலையே வெட்டிவிட்டான். உள்ளே இரண்டு விரற்கடை இரும்பு, மிச்சமெல்லாம் வெறும் மரம்.

"அவ வேட்டைக்குப் போற பொண்ணுடா, வாலை வெட்டாதே," என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"உனக்கு ரசனையே இல்லக்கா," என்றான்.

அந்த வாரமே அவள் காட்டில் ஒரு எல்க் மானை வீழ்த்தினாள். நெஞ்செலும்பைப் பிளக்கக் கத்தியைத் திருகியபோது பிடி பிளந்து, கை வழுக்கி அலகின் மேல் போயிருக்கிறது. காலையிலேயே என் காதுக்கு வந்துவிட்டது. தம்பியிடம் சொல்ல மனசு வரவில்லை.

கையைக் கிழித்த கத்தியை எவள் வைத்துக்கொள்வாள்?

"வீட்டுக்குப் போலாம்க்கா." தாவெத்தி என் கையைப் பிடித்து இழுத்தான். தாடி முளைத்த ஆண்பிள்ளை, கண் கலங்கி நிற்கிறான். பாவமாக இருந்தது.

"குடு இங்க," என்று அவன் கோட்டுக்குள் கையை விட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தேன்.

குதிரைத் தலை நடுவில் பிளந்து, பாதிக்கு ஒரு காதாகக் கிடந்தது. மரத்தில் ரத்தக் கறை.

அடியில் வேறொன்றும் இருந்தது. புதிய பிர்ச் மரத்துண்டு. பிடி அளவுக்கு அறுத்துச் சீவியிருந்தாள். பழக்கமில்லாத இடது கையால் சீவியிருப்பாள் போல, அங்கங்கே கோணல்மாணல். நடுவில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட்ட துளை. அது ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் வெளியே வந்திருந்தது.

துணியை உதறிப் பார்த்தேன். வேறெதுவும் விழவில்லை.

"டேய், அலகு எங்கடா?"

தாவெத்தி அந்தக் கட்டையை வாங்கிக் கண்ணில் வைத்து, துளை வழியாக வண்டிப் பக்கம் பார்த்தான். நானும் திரும்பினேன்.

ரீக்கா எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் உறையின் வாயிலிருந்த கம்பளியை இழுத்தாள். பிடியில்லாத அலகின் குட்டை வால் வெளியே தெரிந்தது.

"நாளைக்கு உலையை மூட்டி வை!" என்று தடியன்களுக்கும் கேட்கும்படி கத்தினாள். "வாலை நீட்டிக்கலாம். குதிரை மட்டும் வேண்டாம்!"