இரண்டாவது அடையாளம்

"பொறந்தப்ப தொடையில ஒண்ணு இருந்துச்சு. எங்கடா தொலைச்ச?" என்று ராசம்மாள் மகனை அதட்டினாள்.

கதிர்வேல் கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தேவனாம்பட்டினத்தில் அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கரண்ட் போயிருந்ததால் மூன்று பேரும் வாசல் வெளிச்சத்துக்கு வந்திருந்தார்கள். அம்மா, மகன், தங்கை இலக்கியா. நடுவில் விண்ணப்பப் படிவம்.

கப்பல்காரர்களுக்குத் தரும் அடையாளப் புத்தகத்துக்கான படிவம் அது. மறுநாள் காலை சென்னையில் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் கதிர்வேல் சிங்கப்பூர் போகிற சரக்குக் கப்பலில் ஏறலாம். இருபத்தொரு வயதில் முதல் கப்பல், முதல் வெளிநாட்டுத் துறைமுகம்.

மற்றதெல்லாம் தயார். பாஸ்போர்ட் சாமி படத்துக்குக் கீழே இருந்து எடுக்கப்பட்டு, அதன் மேல் இருந்த குங்குமம் துடைக்கப்பட்டுவிட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையும் இருந்தது. மஞ்சக்காமாலைக்கு எதற்கு ஊசி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதுமே என்று ராசம்மாள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்க அடையாளங்கள் இரண்டு. அந்த இடத்தில்தான் நின்றுபோனது.

ஒன்று இருந்தது, இடது முழங்கையில் மச்சம். எழுதியாயிற்று.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டாவதாக, வலது கன்னத்தில் மச்சம் என்றிருந்தது. அது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலம்பரசனின் மச்சம். வாத்தியார் அவசரத்தில் ஒரே பெஞ்சுக்கு ஒரே மச்சத்தை எழுதிவிட்டார்.

உடம்பில் இல்லாததை எழுதினால் மெடிக்கல் டெஸ்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜெண்ட் போனில் சொல்லியிருந்தார். போன மாதம் ஒருவனை அப்படி அனுப்பினார்களாம். கப்பல் அவனுக்காக நிற்கவில்லை.

ராசம்மாள் மகனின் தலையைத் திருப்பித் திருப்பி, பேன் பார்ப்பதுபோல் காதுக்குப் பின்னால் தேடினாள். இலக்கியா முதுகைப் பார்த்தாள். ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். விரலால் தேய்த்ததும் அது போய்விட்டது.

"குளிக்கிறியா இல்லியா நீ?"

பிறகு தன் காம்பஸ் பெட்டியை எடுத்துவந்து, ஒரு தழும்பு போட்டுவிடலாமா என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கதிர்வேல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

வாசற்படியில் அப்பா மணவாளன் முதுகைக் காட்டிக்கொண்டு பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் கப்பலுக்குப் போவதைப் பற்றி அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஊசிக்குப் போனபோதும் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோதும் படகைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

இப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"இடது குதிகால்ல, உள்பக்கம், சிப்பி கிழிச்ச தழும்பு. ஒரு அங்குலம். வலது அக்குள் ஓரமா மொளகு சைசுல மச்சம். பின்னந்தலையில சுழி ரெண்டு."

இலக்கியா அண்ணனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மிளகு அளவில் இருந்தது.

கதிர்வேல் காலை மடக்கிக் குதிகாலைப் பார்த்தான். வெளுத்துப்போன ஒரு கோடு. அது அங்கே இருப்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. ராசம்மாள் குனிந்து ஆள்காட்டி விரலை வைத்து அளந்தாள். ஒரு அங்குலம்தான்.

"இதெல்லாம் எப்பப்பா பாத்து வச்ச?" என்றான் கதிர்வேல், சிரித்துக்கொண்டே.

"எங்க பாத்தேன். கேட்டவங்ககிட்டல்லாம் சொன்னேன்."

யாருக்கும் புரியவில்லை. மணவாளன் தண்ணீர் குடித்தார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில, வரிசையா கெடத்தியிருந்த எடத்துல. துணிய வெலக்குறதுக்கு முன்ன அடையாளம் கேப்பாங்க. சொல்லிச் சொல்லி மனப்பாடமாயிடுச்சு."

நான்கு வருடத்துக்கு முந்தைய மார்கழி அது. கதிர்வேல் வீட்டில் சொல்லாமல் சிலம்பரசனோடு சிதம்பரத்துக்குத் தேர் பார்க்கப் போய், அங்கேயே தங்கிவிட்டான். மறுநாள் காலையில் இங்கே கடல் ஊருக்குள் வந்தது. பஸ் ஓடவில்லை, போனும் கிடைக்கவில்லை. சிலம்பரசனின் அத்தை வீட்டில் மூன்று நாள் இருந்தான். நன்றாகச் சாப்பிட்டதாகக்கூட ஞாபகம்.

நான்காம் நாள் நடந்தே ஊருக்கு வந்தவனை மணவாளன் ரோட்டில் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து, ஊர்க்காரர்கள் தங்கியிருந்த மண்டபத்துக்கு இழுத்துவந்து ராசம்மாள் முன்னால் நிறுத்தினார். அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளும் அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

இலக்கியா காம்பஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ராசம்மாளின் விரல் இன்னும் மகனின் குதிகாலில் இருந்தது.

கதிர்வேல் பேனாவை எடுத்தான். மச்சத்துக்கு இங்கிலீஷ் தெரியும், முதல் கட்டத்தில் எழுதியிருந்தான். அதையே அக்குளுக்கும் எழுதத் தொடங்கினான்.

"மச்சம் வேணாம்" என்றார் மணவாளன், தட்டைக் கழுவிக்கொண்டே. "தண்ணியில ஊறுனா தெரியாது. தழும்ப எழுது."

கதிர்வேல் அடித்துவிட்டு எழுதினான். ஒரு அங்குலம் என்பதையும் சேர்த்து.