ஷேர் ஆட்டோவில் ஆறு ஆடுகள்

"அக்கா, கையைக் கட்டிக்கிட்டே வா. எதையும் தொட்டுறாத."

மாடியிலிருந்த ஓவியக் கண்காட்சியின் வாசலிலேயே சொல்லிவிட்டான் முத்துப்பாண்டி. தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை அவனுக்கு. அக்கா முத்துச்செல்வி பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் லீவு.

"கையைக் கட்டிக்கிட்டா எப்படிடா கை தட்டுறது?"

"ஓவியத்துக்கெல்லாம் கை தட்ட மாட்டாங்கக்கா!"

அதற்கும் சிரித்தாள்.

கடைசிச் சுவரில் ஒரு படம். ஷேர் ஆட்டோ நிறைய ஆடுகள். காக்கிச் சட்டை போட்ட கிடா ஒன்று வண்டி ஓட்டுகிறது.

"டேய், அந்தக் கிடாய்க்கு அப்படியே நம்ம சின்ன மாமா மூஞ்சி!"

பார்த்தான். அதே மூஞ்சிதான். சிரிப்பை அடக்க முடியாமல், போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். மற்ற சுவர்களில் பல படங்களின் பேர் அட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. இந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை.

நல்ல படத்துக்கு வைப்பாங்க போல, பள்ளிக்கூடத்துல டீச்சர் ஸ்டார் போடுற மாதிரி. இம்புட்டு நல்ல ஆட்டுக்கு ஒண்ணு வைக்க ஆளில்லையா?

அக்கம் பக்கம் பார்த்தாள். நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். ஆட்டுப் படத்தின் அட்டையில் ஒட்டிவிட்டாள்.

மத்தியானம் ஹோட்டலில் கறி தோசை பாதி உள்ளே போன பிறகு தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள்.

அவன் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அக்கா! செவப்புப் பொட்டு வச்சா அந்தப் படம் வித்துருச்சுன்னு அர்த்தம்! இனி யாரும் வெலைகூட கேக்க மாட்டாங்க."

"ஆத்தி! அப்ப வரைஞ்சவங்க கதி?"

"விடு, நம்மள யாருக்குத் தெரியும்? ஜிகர்தண்டா சொல்லவா?"

"இன்னைக்குத்தான் கடைசி நாளுன்னு போர்டு போட்டிருந்துச்சுடா. வாங்க வந்த ஆளு திரும்பிப் போயிட்டா என்ன பண்றது? எந்திரி!"

"கையையாவது கழுவிட்டு வாரேன்க்கா..."

"சீக்கிரம் கழுவு!"

மதுரைக்கு வந்து ஜிகர்தண்டாவை வேண்டாமென்று முத்துச்செல்வி எழுந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது ஆட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஹெப்சிபா என்று பேர் அட்டை குத்தியிருந்தாள்.

"நீதான் வரைஞ்சியாம்மா? தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டேன்." சொல்லிக்கொண்டே பொட்டைப் பிய்க்கப் போனாள் முத்துச்செல்வி.

அந்தப் பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எடுக்காதீங்கக்கா!"

"வாங்க வந்து யாரும் திரும்பிப் போயிட்டாங்களா?"

"நீங்க வேற. நாலு நாளா வெலை கேக்கக்கூட ஆளில்ல." குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், பொட்டு இருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா ஸ்டிக்கர் பொட்டு! நான் பொட்டே வைக்கிறதில்ல, என் படம் வச்சிருக்கு. பிய்க்கலாம்னு போனா, பின்னாடி அப்பா நிக்கிறார்."

"அதுக்கென்ன?"

"இந்தக் கண்காட்சியில ஒண்ணுகூட விக்கலன்னா, பிரஷ்ஷை மூட்டை கட்டிட்டு பி.எட். சேந்துரணும்னு சொல்லியிருந்தார். சொன்னா சொன்னதுதான், இறங்கி வரவே மாட்டார். அந்தப் பொட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். 'சரி, இன்னும் ஒரு வருஷம் வரைஞ்சு பாரு'ன்னுட்டு கீழ போயிட்டார். சாயங்காலம் மூடுற வரைக்கும் மட்டும் இருக்கட்டும்கா, ப்ளீஸ்."

"அப்பாவையே ஏமாத்துறியே?" என்றான் முத்துப்பாண்டி.

"ஒரு வருஷம் குடுத்திருக்கார்ல, அதுக்குள்ள நெசமாவே ஒண்ணு வித்துருவேன் சார்!"

மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். கீழ்ப்படியில் டீ கிளாஸோடு நின்றிருந்த பெரியவர் முத்துச்செல்வியின் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில ஆட்டுப் படத்துக்குப் பொட்டு வச்சது நீதானே? வாசல்ல நின்னு பார்த்தேன். நான் ஹெப்சிபா அப்பா."

முத்துச்செல்வி கையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள். "ஐயா, அது வந்து..."

"இப்பப் போய் எடுத்துறலையே?"

"இல்லங்கய்யா."

பெரியவர் மாடியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நல்லவேளை. கோபத்துல ஒரு வார்த்தையை விட்டுட்டு, அதை வாபஸ் வாங்க ஒரு சாக்கு கிடைக்காம நாலு நாளா தவிச்சிட்டிருந்தேன்மா."