மட்டையைப் போட்டுட்டு ஓடுங்க

"என்னங்க, மறுபடியும் மட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க! இது கிரிக்கெட்டா? அடிச்சதும் கீழ போட்டுட்டு ஓடணும்."

நெரவி ஊரில் தன் வீட்டுக் கொல்லையில், ஓடித் தொடவேண்டிய முதல் பேஸாகக் கிடந்த மணைப்பலகையில் நின்று ராஜ்மோகன் மூச்சு வாங்கினார்.

"மூணு ஸ்ட்ரைக், அதாவது மூணு தடவ பந்த அடிக்காம விட்டுட்டா? சொல்லுங்க பாப்போம்."

"அவுட்டு. நாளைக்கு என் மானம் உன் கையிலதான், மங்கை."

"காலேஜ்ல நான் சாஃப்ட்பால் ஆடுனது இதுக்காவது உதவுதே" என்று சிரித்தாள் மனைவி மங்கையர்க்கரசி.

மறுநாள் பள்ளி மைதானத்தில், பந்தை அடித்த மாணவி ஓவியா மட்டையோடு ஓடினாள். விசில் வீறிட்டது.

"மட்டையப் போடும்மா! இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டினார், அன்றுதான் சாஃப்ட்பால் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ராஜ்மோகன்.

"நீங்க எப்ப சார் கத்துக்கிட்டீங்க?"

'இருபது வருஷத்துக்கு முன்னாடி' என்று சொல்ல வந்தவர், விழுங்கிக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம்தாம்மா. சொல்லிக்குடுத்த புண்ணியவதிய நாளைக்கு அழைச்சிட்டு வர்றேன். நானும் உங்களோட வரிசையில நிக்கிறேன்."