பந்து சொன்ன தெம்பு

சாய்ந்த பலகையில் உருளும் இரும்புப் பந்தை மட்டையால் தட்டி மணியடிக்க வைத்து விளையாடும் பழைய பின்பால் மெஷின் ஒன்று ஓடாமல் கிடந்தது. "கலங்காதீங்கண்ணே, யாராவது வந்து நம்மளச் சரிபண்ணுவாங்க" என்று இரும்புப் பந்து தினமும் மட்டைக்குத் தெம்பு சொல்லும்.

குணாளன் என்பவர் அந்த மெஷினை வாங்கிவந்து வீட்டில் பிரித்துப்போட்டார். மட்டைக்குப் புது ரப்பர் மாட்டினார். மணியைத் துலக்கினார். பலகைக்குப் பெயிண்ட் அடித்தார். அடுத்தது தான்தான் என்று பந்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரோ அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"துருப்பிடிச்சு சொரசொரன்னு இருக்கே. இது உருண்டா புதுப் பெயிண்ட்டைச் சுரண்டிடும்."

பழைய ஆணி டப்பாவில் போட்டுவிட்டார்.

மறுநாள் மெஷினில் புதுப் பந்து உருண்டது. மட்டை ஆசையாய்த் தட்டிவிட்டது. "தம்பி, நீ சொன்னது பலிச்சிருச்சுடா! உன்னையும் பளபளன்னு ஆக்கிட்டாரே!"

"அண்ணே, நான் இங்க கிடக்கேன்!" என்று டப்பாவுக்குள்ளிருந்து பந்து கத்தியது.

துலக்கிய மணி கணீர் கணீரென்று அடித்துக்கொண்டே இருந்தது.