வடியாத மெழுகு

உறைவிடக் கைவினைப் பள்ளியின் உலைக்கூடத்தில், பயில வந்தவர்களின் மண் அச்சுகள் மணலில் கழுத்தளவு புதைந்து வாய் திறந்து நின்றன. அடுப்பிலேற்றி உள்ளிருக்கும் மெழுகை வடித்துவிட்டால், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் வெண்கலம் குடியேறும். மற்றவர்கள் வேலும் மயிலும் செய்திருந்தார்கள். பூரணி, கைக்குழந்தையாய்க் காய்ச்சலில் போன தன் மகளின் முகத்தைச் செய்திருந்தாள். படம் ஒன்றும் எடுத்து வைக்காத முகம். விரல்கள் மட்டுமே நினைவில் வைத்திருந்தன. அதை நெருப்பில் உருக்க மனமின்றி, எவரும் அறியாமல் அச்சை அப்படியே மணலில் நட்டுவிட்டாள்.

பயிற்சி தரும் மாதங்கி ஐந்தெழுத்தை ஓதியபடி, உருகிய வெண்கலம் தளும்பும் மூசையை இடுக்கியில் ஏந்திப் பூரணியின் அச்சருகே வந்தாள்.

"வடிச்சாச்சில்லக்கா? மெழுகு மிச்சமிருந்தா என் மூஞ்சியிலதான் தெறிக்கும்."

"கூடத்து மெழுகுல பாதிய அக்காதான் தீத்தாங்க, மேடம். பாத்து ஊத்துங்க," என்று பக்கத்து அச்சுக்காரர் சிரித்தார்.

பூரணி தலையசைத்தாள். மூசை சரியத் தொடங்கியது. அவள் கை தானாகவே அச்சைத் தொட்டது. மற்றவை அனலாய்க் கொதிக்க, அது மட்டும் தண்ணென்றிருந்தது. அன்று மகளின் நெற்றியில் இதே தண்மையைத் தொட்டுத்தான், காய்ச்சல் இறங்கிவிட்டதென்று நம்பினாள்.

"ஊத்தாதம்மா. வடிக்கல."

மாதங்கி மூசையை நிமிர்த்தினாள். அதை மணலில் இறக்கி வைத்துவிட்டுக் கைநீட்டினாள். "அடுப்புல வைக்கணும். குடுங்கக்கா."

"நானே வைக்கிறேன்."

பூரணி அச்சைப் பெயர்த்தெடுத்து மார்போடு அணைத்தாள். அதன் வாயைப் பெருவிரலால் இறுக மூடியபடி, அடுப்பை நோக்கி நடந்தாள்.